கை எட்டாத முதுகு

சின்னசாமி அண்ணனுக்குக் காணாக்கடி வந்த பிறகு, எங்கள் காலனியில் வைத்தியம் தெரியாத ஆளே இல்லை என்று ஆகிவிட்டது. நர்ஸ் வேலை பார்க்கிற எனக்குத்தான் ஒன்றும் தெரியாது என்று எல்லோரும் ஒருமனதாக முடிவு செய்திருந்தார்கள்.

கடித்தது எதுவென்று யாருக்கும் தெரியாது என்பதால் அதற்குக் காணாக்கடி என்று பெயர். நன்றாக இருக்கிற தோலில் திடீரென்று தடிப்புத் தடிப்பாக எழும்பும், அரிக்கும், சிவக்கும், சில மணி நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கும், பிறகு வேறு இடத்தில் எழும்பும். எதிர் வீட்டுத் தெலுங்கம்மா அதைத் தத்துர்லு என்பாள். பட்டறையில் ஹமீத் பாய் பித்தி என்பார். பெயர் மூன்று, அரிப்பு ஒன்று. மற்றவர்களுக்கு அது வந்து நாலு நாளில் போய்விடும். அண்ணனுக்கு வந்தது போகவே இல்லை. வருஷக் கணக்கில் உடம்போடு குடித்தனம் நடத்தியது.

எங்கள் காலனி சிக்கந்தராபாத் ஓரம், ரயில்வே பட்டறை ஊழியர்களுக்குக் கட்டியது. வாசலில் நின்றால் மௌலா அலி குன்று தெரியும். பட்டறையின் சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் கூட்ஸ் வண்டியில் கார்டு. வாரத்தில் பாதி நாள் எந்த ஸ்டேஷனில் தூங்குகிறார் என்று அவருக்கே தெரியாது. அதனால் பக்கத்து வீட்டில் இருந்த அண்ணனின் மனைவி கமலம் அக்காதான் எனக்குப் பேச்சுத்துணை. அவளுக்கும் என்னை விட்டால் ஆளில்லை. அக்காவும் அண்ணனும் ஈரோட்டுப் பக்கம். வந்து எத்தனையோ வருஷமாகியும் அக்காவுக்குத் தெலுங்கு வரவில்லை. காய்கறிக்காரனிடம் வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்ற ஒரு உருதுச் சொல்லை வைத்துக்கொண்டே காலத்தை ஓட்டினாள்.

அண்ணன் கிரேன் டிரைவர். பட்டறைக் கூரைக்குக் கீழே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே தண்டவாளத்தில் ஓடுமே, அந்தப் பெரிய கிரேன். இரும்பு ஏணியில் ஏறி, தகரப் பெட்டி மாதிரியான கூண்டுக்குள் உட்கார்ந்தால் சங்கு ஊதும்வரை தனி ஆள். பேச்சு வார்த்தை கிடையாது. கீழே ஹமீத் பாய் நின்று கை காட்டுவார். உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு, விரலைச் சுழற்றினால் தூக்கு, முஷ்டியை மூடினால் நிறுத்து. அந்தக் கை சொன்னபடி அண்ணன் கைப்பிடியைத் திருப்புவார். பாய்லரும் எஞ்சின் உடலும் ஆட்களின் தலைக்கு மேலே பூப்போல நகர்ந்து போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்காரும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அண்ணனுக்குக் கர்வம் உண்டு. மற்றபடி வாயில் முத்து இருப்பதுபோல் மூடிக்கொண்டே இருப்பார்.

வைத்தியத்துக்கு வருகிறேன். முதலில் வந்தவன் கத்தரிக்காய் ஆகாது என்றான். கத்தரிக்காய் போயிற்று. அடுத்தவன் கருவாடு என்றான். அதுவும் போயிற்று. பிறகு நிலக்கடலை, முட்டை, தக்காளி, புளி என்று ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொருவர் வாயைத் திறக்கும்போதும் அந்த வீட்டு அடுக்களையிலிருந்து ஏதாவது ஒன்று வெளியேறும். போனது எதுவும் திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. தடிப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் சாப்பிடாததை அக்காவும் சாப்பிடமாட்டாள். கடலைக்குப் பெயர்போன சீமையிலிருந்து வந்தவள், சட்டினிக்குக்கூடக் கடலை போடாமல் வாழ்ந்தாள். எனக்கு வயிறு எரியும். "பாவம் அந்தக் கத்தரிக்காய் என்னக்கா செஞ்சுது?" என்று கேட்பேன். "இருக்கட்டும் அம்மிணி, நாக்குத்தான பெருசு?" என்பாள்.

பத்தியம் பாதி என்றால் கம்பளி மீதி. அக்கா கல்யாணமாகி வரும்போது ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்புக் கம்பளி அது. ஆட்டு மயிரில் நெய்தது, தொட்டாலே ஊசி ஊசியாகக் குத்தும். காணாக்கடிக்குக் கம்பளியால் தேய்த்தால் விஷம் இறங்கும் என்பது நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வழக்கம்தான். என் அம்மாகூட எனக்குத் தேய்த்திருக்கிறாள். ஆனால் நமக்கெல்லாம் அது வருஷத்துக்கு ஒரு நாள் கூத்து. அண்ணனுக்கு அது தினப்படி பூஜை. காலையில் டூட்டிக்குக் கிளம்பும் முன் ஒரு தரம், சாயங்காலம் குளித்துவிட்டு வந்ததும் ஒரு தரம், கயிற்றுக் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொள்வார். அக்கா தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து, கழுத்திலிருந்து இடுப்புவரை, தோளிலிருந்து மணிக்கட்டுவரை அழுத்தித் தேய்ப்பாள். தேய்க்கத் தேய்க்கத் தடிப்பு எழும்பி வரும்.

"பாரு அம்மிணி, உள்ள கெடந்த வெசம் எப்படி வெளிய வருதுன்னு" என்று எனக்குக் காட்டுவாள். அவள் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருக்கும். அந்த வெளிச்சத்தை நான் வேறு சமயத்தில் பார்த்ததில்லை.

அந்த அரைமணி நேரத்தில்தான் அவர்கள் வீட்டில் பேச்சுக் கேட்கும். மாமியார் போட்ட கடிதம், குழாயில் தண்ணீர் வராதது, ரேஷன் அரிசியில் கல் என்று அக்கா சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். அவர் "ம்" கொட்டுவார். எப்போதாவது சிரிப்பார். குழந்தை இல்லாத வீடு அது. வேறொரு பெண்ணைப் பார்க்கலாமா என்று அண்ணனின் அம்மா ஒருமுறை ஊரிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டு கேட்டாளாம். அண்ணன் எழுந்தார். டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போய்விட்டார். அதுதான் பதில். கிழவி அடுத்த வண்டிக்கே கிளம்பிவிட்டாள். ஆனால் காலனிப் பெண்கள் அவ்வளவு சுலபமாகக் கிளம்பவில்லை. வளைகாப்பு என்றால் அக்காவைக் கூப்பிடாமல், மறுநாள் பலகாரத்தை மட்டும் தட்டில் அனுப்புவார்கள். அந்தத் தட்டைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. ஒவ்வொரு தடவையும் அதை அவர்கள் வாசலில் விட்டெறிய வேண்டும்போல் இருக்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அரிப்பு தாங்காமல் அண்ணன் என்னிடம் வந்தார். ஏவில் மாத்திரை கொடுத்தேன். அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்தது அதுதான். இரண்டே நாளில் மிச்ச மாத்திரையைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"இது வேண்டாமுங்க அம்மிணி. அரிப்பு நிக்குது. ஆனாக் கண்ணக் கட்டுது. கீழ ஆளுக நிக்கறாங்க."

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தகரக் கூண்டின் சூட்டில் உடம்பெல்லாம் பற்றி எரிய, சொறியக் கையை எடுக்க முடியாமல், பல்லைக் கடித்துக்கொண்டே கிரேன் ஓட்டினார். சாயங்காலம் கீழே இறங்கி வரும்போது, அடித்துத் துவைத்த துணி மாதிரி இருப்பார்.

எத்தனை நாளைக்குத்தான் பல்லைக் கடிப்பது? ஒருநாள் பாய்லர் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும்போது முதுகில் சுரீரென்று ஏறியிருக்கிறது. ஒரு கையைக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டார். மற்றக் கை ஒரு இழுப்பு அதிகம் இழுத்துவிட்டது. பாய்லர் ஊஞ்சல் மாதிரி ஆடியது. ஹமீத் பாய் முஷ்டியை மூடிக்கொண்டு கத்தினார். ஆட்கள் சிதறி ஓடினார்கள். யாருக்கும் அடி படவில்லை. பாய்லர் மெல்ல மெல்ல ஆடி நின்றது. அண்ணன் அதை இறக்க வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டு, ஏணியில் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஹமீத் பாய்தான் தோளில் கைபோட்டு அவரைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிவந்தார். "கியா கரே சிஸ்டர், ஆத்மி அச்சா ஹை, சம்டாச் துஷ்மன் ஹை" என்றார். மனுஷன் நல்லவன், அவன் தோலே அவனுக்கு எதிரி என்று அர்த்தம். அன்றைக்கு எல்லோரையும்விடச் சரியாகச் சொன்னவர் அவர்தான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பட்டறையிலிருந்து டாக்டருக்குக் குறிப்பு வந்தது. கிரேன் ஓட்ட இந்த ஆள் தகுதியா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். இல்லை என்றால் கீழே இறக்கி வேறு வேலையில் போட்டுவிடுவார்கள். அண்ணனுக்கு அந்தக் கூண்டை விட்டால் வேறு உலகம் கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

டாக்டர் உமாசங்கர் அப்போதுதான் மாற்றலாகி வந்திருந்தார். சின்ன வயது, அவசரப்படாத ஆள். அண்ணனைச் சட்டையைக் கழற்றச் சொன்னார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்கவில்லை. அலமாரிச் சாவியை எடுத்து, அதன் மொண்ணை நுனியால் முதுகில் நல்லதாக இருந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். கோடு சிவந்தது. பிறகு மேடாக எழும்பியது. கொஞ்ச நேரத்தில் அண்ணன் முதுகில் கயிறு ஒன்றைப் பதித்து வைத்தது மாதிரி ஆகிவிட்டது.

"உடம்புல எதையாவது வெச்சுத் தேய்க்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். கம்பளி, காலையில், சாயங்காலம், வருஷக் கணக்கில்.

டாக்டர் உட்கார்ந்துகொண்டார். "சின்னசாமி, உங்களுக்குக் கீழ நின்னு கை காட்டறது யாரு?"

"ஹமீத் பாயிங்க."

"அவர் கை காட்டாமலே நீங்க லோடை எறக்குனா என்ன ஆகும்?"

"ஆளு செத்துப்போவானுங்க."

"உங்க தோல் அதைத்தான் பண்ணுது. தோலுக்கு அடியில சில செல்லுங்க இருக்கு. சின்னச் சின்னப் பை மாதிரி. உள்ள ஹிஸ்டமின்னு ஒரு சரக்கு. உடம்புக்கு ஆகாதது ஏதாவது உள்ள வந்தா, ரத்தத்துல இருக்கற காவல் அதைக் கண்டுபிடிச்சு இந்தச் செல்லுக்குச் சைகை காட்டும். சைகை வந்ததும் பை சரக்கைக் கொட்டும். தோல் வீங்கும், அரிக்கும். அது நல்லதுக்குத்தான். ஆனா உங்களுக்கு ஆகாதது எதுவும் உள்ள வரல. யாரும் கை காட்டல. ஒரு உரசல் பட்டாப் போதும், சைகை வந்துடுச்சுன்னு நெனச்சு அதுவாக் கொட்டிடுது. சில தடிப்பு உடனே வரும், சிலது பல மணி நேரம் கழிச்சு வரும். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. காலையில தேய்ச்சது கிரேன்ல உக்காரும்போது எழும்புது."

"அப்ப வெசம்?"

"விஷமே இல்ல."

"மொதல்ல எதனால வந்துச்சுங்க?"

"அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாமலே போகலாம். ரத்தத்துலயே தப்பா சைகை காட்டற ஏதோ இருக்குமோன்னு சில பேர் சந்தேகப்படறாங்க. ஆனா அதை வளர்த்துவிட்டது கம்பளி. ஒரு மாசம் எதையும் தேய்க்காதீங்க, சொறியாதீங்க. மாத்திரை வேண்டாம். அடங்கிட்டா கிரேன்ல தாராளமாப் போகலாம்னு எழுதித் தர்றேன். அடங்கலேன்னா மாத்திரை சாப்பிட்டுத்தான் ஆகணும். மாத்திரை சாப்பிடற ஆளை நான் மேல ஏத்த மாட்டேன்."

வெளியே வந்ததும் அண்ணன் வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. "வீட்டுக்குப் போய் மொத வேலையா அந்தக் கம்பளியை அடுப்புல போடச் சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"கம்பளின்னு மட்டும் அவகிட்டச் சொல்லிப்போடாதீங்க அம்மிணி" என்றார்.

"ஏன்?"

"நான் பாத்துக்கறேன். நீங்க சொல்லாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

நோயாளி விஷயத்தை வெளியே சொல்லாமல் இருப்பது என் தொழில். அதற்குச் சத்தியம் வேறா என்று சிடுசிடுத்துவிட்டு, சரி என்றேன்.

நல்ல வேளையாக அது தை மாதம். அக்காவின் தம்பி மகளுக்கு ஊரில் கல்யாணம். கல்யாணம் முடிந்தும் மறுவீடு, விருந்து என்று ஒரு மாதம் இருந்துவிட்டு வா என்று அண்ணனே சொன்னார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளை அவ்வளவு நாள் அனுப்பியதே இல்லை. அக்காவுக்கோ போகவே மனசில்லை. ஸ்டேஷனில் வண்டி நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, கை, காலு, நெஞ்சு எல்லாம் நீங்களே தேச்சுக்கலாம். முதுகுக்குத்தான் என்ன பண்ணுவீங்கன்னு தெரியல. கை எட்டாதே."

"ஒரு மாசந்தான? போயிட்டு வா" என்றார் அண்ணன்.

கம்பளி பெட்டிக்குள் போயிற்று. முதல் வாரம் அரிப்பு இருந்தது. டாக்டர் சொன்னபடி ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு சமாளித்தார். பிறகு குறைந்தது. பிறகு நின்றே போயிற்று. ஒருநாள் மத்தியானம் சுகாதார நிலையத்துக்குள் எட்டிப் பார்த்து, திருட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். "கேன்டீன்ல கத்தரிக்காக் கொழம்பு அம்மிணி. ரெண்டு தரம் வாங்கித் தின்னுபோட்டேன்." நான் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. வெறும் கை. அத்தனை வருஷம் பட்டினி கிடந்ததை நினைத்து எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

அரிப்பு நின்றதும், முடிவு எழுதும்வரை ஓட்டலாம் என்று டாக்டர் விட்டிருந்தார். அந்த நாட்களில் அவர் கிரேன் ஓட்டியதை ஹமீத் பாய் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். கை காட்டி முடிக்குமுன் லோடு இடத்தில் இருக்குமாம். சாயங்காலம் ஏணியில் இறங்கும்போது அண்ணன் விசிலடித்தாராம். அதை நான் நம்பவில்லை. பாய் தன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

டாக்டர் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு, மாதம் முடியட்டும், எழுதிவிடுகிறேன் என்றார்.

அக்கா திரும்பி வருகிற அன்று எனக்குக் காலை டூட்டி இல்லை. அண்ணன் ஸ்டேஷனுக்குப் போவதாக இருந்தால் கூடப் போகலாம் என்று பின்வாசல் வழியாக அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தேன். கயிற்றுக் கட்டிலில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மேலே சட்டை இல்லை. கையில் கம்பளி. அதை வைத்துத் தன் கையை, நெஞ்சை, தொடையை அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். தோல் முழுக்கச் சிவந்து மேடிட்டிருந்தது.

"அண்ணே! என்ன பண்றீங்க? புத்தி கெட்டுப்போச்சா?"

"சத்தம் போடாதீங்க அம்மிணி. அவ தம்பி கூட வர்றான், ஸ்டேஷனுக்கு வரவேண்டாம்னுட்டா. இப்ப வந்துருவா."

நான் கம்பளியைப் பிடுங்கப் போனேன். அவர் விடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அது சிறுபிள்ளைச் சண்டை மாதிரி இழுபட்டது. எனக்கு வந்த கோபத்தில் வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். கிரேன் போய்விடும், சம்பளம் இறங்கிவிடும், டாக்டர் முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

"அவ இல்லாத மாசத்துல நான் நல்லா இருந்தேன்னு தெரிஞ்சா, இத்தன வருஷம் அவ கைதான் கெடுத்துச்சுன்னு ஆயிருமுங்க. கொழந்தை இல்லாததுக்கே ஊர்ல எல்லாரும் அவளத்தான் சொன்னாங்க. இதுவும் அவ தலைமேலதான் போகோணுமா? இந்த ஊர்ல அவ செய்யறதுன்னு இருக்கறது இது ஒண்ணுதாங்க. நான் மேல தனியா உக்காந்து பழகுனவன். அவளுக்கு அது பழகல. கிரேன் ஓட்ட வேற ஆளு வருவான்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தம்பி ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக்கொண்டிருக்க, அக்கா சாக்குப்பையும் முறுக்கு டின்னுமாக உள்ளே வந்தாள். அவர் கையைப் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவியது.

"நான் போயிருக்கக் கூடாது" என்று அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் போயிருக்கவே கூடாது. திரும்பிப் படுங்க, முதுகக் காட்டுங்க." ரயில் புழுதியைக் கழுவக்கூட இல்லை. கம்பளியைக் கையில் எடுத்துவிட்டாள். அந்த அழுகைக்குள்ளேயே பழைய வெளிச்சமும் இருந்ததைப் பார்த்தேன். பார்க்கச் சகிக்காமல் நான் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் அண்ணன் டாக்டரிடம் கையைக் காட்டினார். மறுபடியும் வந்துவிட்டது, மாத்திரையே கொடுத்துவிடுங்கள் என்றார். டாக்டருக்கு நம்ப முடியவில்லை. "தேய்ச்சீங்களா?" என்றார். "இல்லீங்க" என்றார் அண்ணன். நான் தட்டில் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். டாக்டர் மாத்திரையை எழுதிக் கொடுத்துவிட்டு, கிரேன் ஓட்டத் தகுதியில்லை என்றும் எழுதினார்.

கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான் அதற்குப் பிறகு. அண்ணனைக் கருவி அறையில் போட்டார்கள். ஒவ்வொருவனும் தன் நம்பர் பொறித்த பித்தளை வில்லையை நீட்டுவான். வில்லையை ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பானரை எடுத்துக் கொடுக்க வேண்டும், ஸ்பானர் திரும்பி வந்தால் வில்லையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வருஷக் கணக்கில் அதுதான் வேலை. பொடியன்களெல்லாம் "என்ன சாமி, மேலேர்ந்து கீழ வந்துட்டீங்க" என்று கேலி செய்வார்கள். அவர் சிரித்துவிட்டு ஸ்பானரைக் கொடுப்பார். கிரேன் ஓடுகிற சத்தம் கேட்டால் மட்டும் கை சற்று நிற்கும். புதுப் பையன் லோடைத் தடாலென்று இறக்கினால் முகம் சுளிப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மாத்திரையைப் போட்டுக்கொள்வார். அக்கா கம்பளியை எடுத்துவருவதற்குள் பாதித் தூக்கத்தில் இருப்பார். ஒட்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அக்காவின் குரல் மட்டும் கேட்கும். "ம்" கொட்டுகிற சத்தம் வர வரக் குறைந்துபோயிற்று.

அவர் ரிட்டையர் ஆனபோது ஊருக்கே போய்விடுவது என்று முடிவானது. சாமான் கட்டுகிற அன்று நான் உதவிக்குப் போனேன். அண்ணன் லாரி பேசப் போயிருந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் கம்பளி மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு அத்தனை வருஷத்துச் சலிப்பும் ஒன்றாக ஏறியது.

"இதையும் ஊருக்குச் சுமக்கணுமா அக்கா?" என்றேன்.

அவள் கம்பளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "இத வெச்சுத் தேச்சு எவ்வளவோ காலமாச்சு அம்மிணி."

எனக்குப் புரியவில்லை.

"தம்பி மக கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தனே, அன்னைக்கு முதுகப் பாத்தேன். கையில இருக்குது, நெஞ்சுல இருக்குது, தொடையில இருக்குது. முதுகு மட்டும் பச்சக் கொழந்தை முதுகாட்டம் இருந்துச்சு. கை எட்டற எடத்துல மட்டும் கடிக்கற பூச்சி எங்கிருக்குது? எனக்காகத் தானே தேச்சிருக்கறாரு. அப்படின்னா இத்தன நாளும் தேச்சுத் தேச்சு அத வரவெச்சது நாந்தான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

என் கையிலிருந்த சொம்பை நான் கீழே வைத்தேன்.

"அதுக்கப்பறம் நான் தேய்க்கவே இல்ல. காலையில டூட்டிக்கு நேரமாச்சுன்னு தட்டிக் கழிச்சிருவேன். சாயங்காலம் மாத்திரை போட்டுட்டுக் கெறக்கத்துல கெடப்பாரு. சும்மா மேல போத்திவிட்டு, கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அவருக்குத் தெரியாது. தேய்க்கறேன்னு நெனச்சுக்குவாரு. எனக்காகப் பண்ணுனவர்கிட்ட, எனக்குத் தெரியும்னு எப்படிச் சொல்றது? சந்தோசமா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்ப அந்த மாத்திரை?" என்றேன். "தேய்க்கறதை நீங்க விட்டதுக்கப்பறம் அவருக்கு மாத்திரையே தேவைப்பட்டிருக்காது அக்கா. மாத்திரை இல்லேன்னா அவரை மேலேர்ந்து எறக்கியிருக்க மாட்டாங்க. டாக்டர் சொன்னது அதுதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். வயசாயிருச்சு, மேல ஏறி எறங்க முடியல, அதனாலதான் கீழே வேலை கேட்டு வாங்கினேன் என்றுதான் அண்ணன் அவளிடம் சொல்லியிருந்தார்.

வெளியே லாரி வந்து நின்றது. அண்ணன் டிரைவருக்குக் கை காட்டி வண்டியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளங்கையைக் கவிழ்த்து, விரலைச் சுழற்றி, கடைசியில் முஷ்டியை மூடி. அக்கா ஜன்னல் வழியாக அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிரேனு அந்த மாத்திரையிலதான் இருக்குதுன்னு எனக்கு யாருமே சொல்லலையே அம்மிணி" என்றாள்.